பத்தொன்பதாம் கார்டுக்குப் பத்து மார்க்

பள்ளிப் பேருந்து ஓட்டுவதை விட்ட வாரத்திலேயே எமில் குர்னாக்குக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. ஏரிக்கரை ஊரான சாண்டஸ்கியில் ஓய்வு பெற்றவன் என்றால் ஏரியில் தூண்டில் போட வேண்டும், இல்லையென்றால் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்கு ஓட வேண்டும். எமிலுக்குத் தூண்டில் ஆகாது. அவர் மனைவி வெர்னாவுக்கு ஃப்ளோரிடா ஆகாது. ஆகவே மனிதர் சமையலறையிலிருந்து கராஜுக்கு நடந்தார். கராஜிலிருந்து சமையலறைக்கு நடந்தார். தரை தேய்ந்ததுதான் மிச்சம்.

"உனக்குப் புண்ணியமாப் போகட்டும் எமில். எதையாவது பொறுக்கு, சேரு, ஒட்டு. என் காலுக்குக் குறுக்க மட்டும் வராத," என்றாள் வெர்னா.

இப்படித்தான் அவர் பேஸ்பால் கார்டு சேர்க்கப் போனார். சின்ன வயதில் எல்லாரும் சேர்த்ததுதானே. சூயிங்கம் வாங்கினால் கூடவே வரும். முன்னால் ஆட்டக்காரன் படம், பின்னால் அவன் அடித்த கணக்கு. ஒரு வருஷத்துக் கார்டுகள் மொத்தமும் சேர்ந்தால் ஒரு செட். இதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தார், பாவம்.

அவர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் உலகம் வேறு எங்கோ போயிருந்தது. இப்போது கார்டை யாரும் கையால் தொடுவதில்லை. அதை மகா அட்டைத் தர நிர்ணயக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து பத்துவரை மார்க் போட்டு, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டித் தருவார்கள். டப்பா என்று சொன்னால் கழகத்துக்குக் கோபம் வரும். அதன் பெயர் பேழை. பத்து வாங்கிய கார்டு பிறவிப் பயனை அடைந்தது. ஒன்பது வாங்கிய கார்டின் சொந்தக்காரர், வீட்டில் பிள்ளை ஃபெயிலானதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு திரிவார். எந்த செட்டை யார் எவ்வளவு சுத்தமாகச் சேர்த்திருக்கிறார் என்று நாடு முழுவதற்கும் கழகம் வரிசை போட்டு அறிவிக்கும். அந்த வரிசையில் முதலிடம் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. அதற்காக விவாகரத்து ஆனவர்கள் இருக்கிறார்கள்.

எந்த செட்டைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுப்பதற்கே தனியாக ஒரு முகாம் நடந்தது, க்ளீவ்லாந்தில், ஒரு ஓட்டல் மண்டபத்தில். வாசலில் ஆளுக்கொரு மஞ்சள் துணி கொடுத்தார்கள். பேழை மேல் தூசி விழுந்தால் துடைக்க. அதை எந்நேரமும் சட்டைப் பையில், இதயத்துக்குப் பக்கத்தில், வைத்திருக்க வேண்டுமாம். எமிலும் வைத்துக்கொண்டார்.

கழகத்தின் தலைவர் லிண்ட்லி ஹார்க்னஸ் மேடை ஏறினார். நரைத்த தலை, ஒரு முடிகூட வரிசை தப்பாமல் வாரியிருந்தது.

"நண்பர்களே, புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு என்ன தெரியுமா? தனக்குப் பிடிச்ச செட்டைத் தேர்ந்தெடுக்கிறது! பிடிச்சா எடுத்துப் பார்க்கத் தோணும். எடுத்துப் பார்த்தா விரல் தடம் விழும். பிரியம்ங்கிறது ஒரு எண்ணெய்ப் பிசுக்கு, நண்பர்களே. அதனால உங்களுக்கு முகமே ஞாபகமில்லாத ஆட்டக்காரங்க இருக்கிற செட்டாப் பாருங்க. பேஸ்பாலே பிடிக்காதவங்க இந்தத் துறையில ரொம்ப உயரத்துக்குப் போயிருக்காங்க. என்னையே எடுத்துக்குங்க. நான் இதுவரைக்கும் ஒரு மேட்ச்சை முழுசா உக்காந்து பார்த்ததில்ல."

மண்டபம் கை தட்டியது. எமிலும் தட்டினார். தட்டிவிட்டு எதற்குத் தட்டினோம் என்று யோசித்தார்.

கேள்வி நேரத்தில் அவர் எழுந்தார். "சார், அந்தக் கறுப்பு ஓரம் போட்ட செட்டு இருக்கே, அதை எடுக்கலாமா?"

"கறுப்பு ஓரமா! மூச்சு பட்டாலே பேந்துடும் சார். அதைப் பார்க்கிறப்ப நாங்க மூச்சை அடக்கிக்குவோம். போன வருஷம் எங்க பரிசோதகர் ஒருத்தர் மயங்கி விழுந்துட்டார். நல்ல வேளை, கார்டுக்கு ஒண்ணும் ஆகல."

"அப்ப மரச்சட்டம் மாதிரி ஓரம் வச்சதே, அது?"

"அதுல எது கீறல், எது மர ரேகைன்னு எங்களுக்குள்ளயே ரெண்டு கோஷ்டி. ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறதில்ல."

"எண்பதுகள்ல வந்தது எதாவது?"

"அதுல திரும்பின பக்கமெல்லாம் பத்து. எல்லாரும் பாஸாகிற பரீட்சையில பாஸாகி என்ன மரியாதை? உக்காருங்க."

எமில் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர மனசு உட்காரவில்லை. வீட்டுக்கு வந்தும் அதே பாடுதான். சூப்பைக் கலக்கியபடி ஒரு செட்டைத் தேர்ந்தெடுப்பார், குடித்து முடிப்பதற்குள் கைவிடுவார். கறுப்பா, மரமா, எழுபதாம் வருஷமா, எழுபத்தைந்தா என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இதுல பாதி யோசிச்சியா நீ?" என்று கேட்டாள் வெர்னா.

"உனக்கெல்லாம் மார்க் போட ஆள் இல்லையே அப்ப," என்றார் எமில். அன்றைக்கு அவருக்கு இரவுச் சாப்பாடு தாமதமாகத்தான் கிடைத்தது.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, மீன் வறுவலோடு. முன்னாள் படைவீரர் சங்கக் கூடத்தில் வெள்ளிதோறும் ஏரி மீனை மாவில் தோய்த்துப் பொரித்துப் போடுவார்கள். எமிலின் அண்ணன் ரூடி அங்கே தவறாமல் ஆஜராகிவிடுவார். எண்பதைத் தாண்டிய ஆள். மாற்று முழங்கால், பொய்ப்பல், இதயத்தில் ஒரு கருவி. கூடத்துச் சுவரில் சாண்டஸ்கி ஸ்டர்ஜன்ஸ் என்ற பழைய உள்ளூர் பேஸ்பால் அணியின் படம் மாட்டியிருந்தது. அறுபத்திரண்டாம் வருஷத்துப் படம்.

யாரோ புதிதாக வந்தவன் கேட்டான்: "ஓரத்துல நிக்கிறது நீங்களா பெரியவரே? ஆடினீங்களா, இல்ல தண்ணி வாளி தூக்கினீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். ரூடியும் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு மீனை எடுத்தார். எமிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ரூடி அந்த அணியில் பந்து பிடிக்கும் கேட்சராக ஒரே ஒரு கோடை ஆடினார். அந்த இலையுதிர் காலத்தில் அப்பாவின் கை இரும்பு வார்ப்பு ஆலையில் இயந்திரத்தில் சிக்கிப் போயிற்று. ரூடி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு அதே ஆலையில் அப்பாவின் இடத்தில் போய் நின்றார். அதனால்தான் எமில் பள்ளிக்கூடம் முடித்தது. இதைப் பற்றி அண்ணன் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தம்பிக்குத்தான் அது தொண்டையில் முள்ளாக நின்றது.

அந்த வருஷம் ஹோல்ட்ஸ்மன் தொத்திறைச்சிக் கம்பெனி, அதாவது சாசேஜ் கம்பெனி, தன் பொட்டலங்களுக்குள் ஸ்டர்ஜன்ஸ் ஆட்டக்காரர்களின் கார்டுகளை வைத்து விற்றிருந்தது. மொத்தம் இருபத்து நான்கு. பத்தொன்பதாவது, ரூடி குர்னாக்.

"இதுதான் என் செட்டு," என்று எமில் எழுந்தே நின்றுவிட்டார். அண்ணன் கண்ணை மூடுவதற்குள் அவன் பெயரை நாடு பார்க்கிற வரிசையில் முதலிடத்தில் ஏற்றிவிட வேண்டும். வாளி தூக்கினவனா என்று கேட்டவன் வாயைப் பிளக்க வேண்டும்.

மற்ற இருபத்து மூன்றையும் எப்படியோ பிடித்துவிட்டார். பெரும்பாலானவை ஒரு கசாப்புக் கடைக்காரரின் விதவை வீட்டுப் பரணில் கிடைத்தன. பத்தொன்பது மட்டும் எங்கேயும் இல்லை. பிரபலமான ஆட்டக்காரர்களை எல்லாரும் வைத்துக்கொண்டார்கள், ரூடியை எறிந்துவிட்டார்கள். உலகத்தில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று, ரூடியின் பர்ஸில், ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால்.

ரூடி அதை எடுத்து மேசையில் வைத்தார். நடுவில் ஒரு மடிப்பு, நான்கு மூலையும் உருண்டை, கன்னத்தில் தொத்திறைச்சிக் கொழுப்புக் கறை. ஆனால் அந்தப் பையனின் சிரிப்பு அப்படியே இருந்தது. பின்பக்கத்தில்: 'பத்து முறை மட்டை பிடித்தால் இரண்டு முறை அடிப்பார். பிடித்த உணவு: ஹோல்ட்ஸ்மன்.'

"இது ஒண்ணுதான்டா இருக்கு. தொலைச்சே, ஏரியில தூக்கிப் போட்டுருவேன்."

"கண்ணுக்குள்ள வச்சுக் கொண்டாந்துருவேண்ணே."

"கண்ணுக்குள்ளயெல்லாம் வேணாம், பத்திரமா வை. இரு, இரு, நானும் வர்றேன். உன்னை நம்பி அனுப்பறதா?"

கழகத்தின் தலைமையகம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே எல்லாரும் வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, குசுகுசுப் பேச்சு. ஆஸ்பத்திரி என்று நினைத்து ரூடி தொப்பியைக் கழற்றிவிட்டார். அவர்களை வரவேற்றவர் பிரிசில்லா வூட் என்கிற பரிசோதகர்.

"வணக்கம். நான் வடமேற்கு மூலை," என்றார் அந்த அம்மாள்.

"என்னது?"

"கார்டோட வடமேற்கு மூலை மட்டும்தான் என் துறை. மத்த மூலைங்களுக்கு வேற வேற ஆளுங்க. தென்கிழக்கு இப்ப லீவுல இருக்காரு."

கார்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. "கொழுப்புக் கறை இருக்கே. கறை இருந்தா பத்து கிடைக்காது."

"அப்ப கறை இல்லாத கார்டு கொண்டாந்தா?" என்று எமில் கேட்டார்.

"ஹோல்ட்ஸ்மன் கார்டு கொழுப்புப் பொட்டலத்துக்குள்ளதான் வந்துது. கறை இல்லேன்னா அது போலி. போலியை நாங்க எடுக்கிறதே இல்ல."

"அப்படின்னா இந்த செட்டுல யாருக்குமே பத்து கிடைக்காதே மேடம்!"

"ஆமா," என்றார் அவர் மலர்ந்த முகத்தோடு. "அதனாலதான் பத்துக்கு இவ்வளவு மரியாதை."

எமில் கதவருகே போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அதற்குள் அந்த அம்மாள் ரூடியை உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கார்டில் இருப்பவரே நேரில் வந்தால் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது விதியாம். ரூடியை ஒரு வட்ட மேடையில் உட்கார வைத்து, விளக்கைத் திருப்பி, கண்ணுக்குப் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டார்.

"மூக்கு மையத்துல இல்ல. வலது பக்கமா ஒதுங்கியிருக்கு."

"டோலீடோ டீம்காரன் எறிஞ்ச பந்து ஒதுக்கினதும்மா அது," என்றார் ரூடி.

"நெத்தியில மடிப்பு. ஒண்ணில்ல, நிறைய. பல்லு அசலா?"

"இல்ல. கழட்டிக் காட்டவா?"

"வேணாம். முழங்கால்?"

"அதுவும் மாத்தினதுதான். டாக்டர் நல்லவரு. உங்க மாதிரி கேள்வியெல்லாம் கேக்கல."

பிரிசில்லா வூட் பெருமூச்சு விட்டார். "வருத்தமா இருக்கு, மிஸ்டர் குர்னாக். நீங்க உண்மையானவர்தான், ஆனா திருத்தப்பட்டவர். திருத்தப்பட்டதுக்கு நாங்க மார்க் போடறதில்ல."

"என் பெண்டாட்டி இருந்தவரைக்கும் இதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தா," என்றார் ரூடி. "அவளுக்காவது சமைக்கத் தெரியும்."

ஆளுக்கு மார்க் இல்லாவிட்டாலும் கார்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று பரிசோதகர்கள் தனித்தனியாகப் பார்ப்பார்கள், வருடாந்திர மாநாட்டில் முடிவு தெரியும் என்றார்கள். வெளியே வந்து காரில் ஏறியதும் ரூடி காலியான பர்ஸைத் திறந்து பார்த்து மூடினார். ஊர் வரும்வரை அதைத் திறந்து திறந்து மூடினார்.

அந்த வசந்த காலம் முழுக்க எமில் தபால்காரனைப் பார்த்தால் எழுந்தார், தொலைபேசி அடித்தால் எழுந்தார், ஒன்றுமே அடிக்காவிட்டாலும் எழுந்தார். மற்ற இருபத்து மூன்று கார்டுகள் நாலும் ஐந்துமாக வாங்கித் திரும்பி வந்தன. பத்தொன்பது வரவில்லை. ரூடி ஒவ்வொரு வெள்ளியும் மீனைத் தின்றுகொண்டே ஒரே கேள்விதான் கேட்டார்: "எப்படா வரும்?"

க்ளீவ்லாந்தில் நடந்த மாநாட்டுக்கு ரூடி வரவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எமில் மட்டும் வெர்னா இஸ்திரி போட்ட சட்டையோடு போய் முன் வரிசையில் நுனி நாற்காலியில் உட்கார்ந்தார். ஹார்க்னஸ் மேடையில் ஒரு நீலப் பட்டுத் துணியின் பக்கத்தில் நின்றார்.

"நண்பர்களே, இது சரித்திரம். ஹோல்ட்ஸ்மன் செட்டுல இதுவரைக்கும் யாரும் ஆறைத் தாண்டினதில்ல. இன்னைக்கு, பத்தொன்பதாம் எண், ரூடி குர்னாக்: பத்து! மூணு பரிசோதகரும் ஒரே குரல்ல சொன்ன பத்து! இதனால மிஸ்டர் எமில் குர்னாக்கோட செட்டு தேசத்திலேயே முதலிடம்!"

கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அண்ணன் பெயரை ஒலிபெருக்கியில், அத்தனை பேர் முன்னால், சொல்லிவிட்டார்கள்! எமில் மேடை ஏறி, பட்டுத் துணியை விலக்கினார்.

பேழை பளபளத்தது. மேலே சிவப்பு எழுத்தில் ரூடி குர்னாக், பத்து. உள்ளே ஒன்றுமில்லை. அந்தப் பக்கத்தில் நின்ற ஹார்க்னஸின் டை தெரிந்தது.

"சார்," என்றார் எமில் மெதுவாக, "கார்டு எங்க?"

ஹார்க்னஸ் சிரித்த முகம் மாறாமல் அவரை மேடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"மிஸ்டர் குர்னாக், முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்குங்க. எங்க பரிசோதகர்கள் கார்டைப் பார்க்கிறதில்ல. குறையைப் பார்ப்பாங்க. மடிப்பு இருக்கான்னு பார்த்தாங்க, இல்ல. கறை இருக்கான்னு பார்த்தாங்க, இல்ல. மூலை மழுங்கியிருக்கான்னு நாலு துறையும் பார்த்துது. ஒரு மூலையும் மழுங்கல. பத்து போடாம என்ன பண்ணுவாங்க?"

"உள்ள கார்டே இல்லையே சார்! தொலைச்சுட்டீங்களா?"

"தொலைச்சோம்னு சொல்ல எங்க விதியில இடமில்ல. எங்ககிட்ட தப்பு நடக்கிறதே இல்ல. நடந்தா அது அபூர்வ ரகம்னு பதிவாகும், மதிப்பு கூடும். உண்மையைச் சொல்லட்டுமா? இத்தனை வருஷத்துல நாங்க எதிர்பார்த்த கார்டு இதுதான். கார்டுன்னு ஒண்ணு இருந்தாலே அதுல ஏதாவது ஒரு குறை இருந்து தொலைக்குது."

"எங்கண்ணன்கிட்ட இருந்த ஒரே கார்டு சார் அது. உலகத்துக்கே ஒண்ணு."

"புகார் பண்ணலாம். பண்ணினா பேழையைத் திறக்கணும். திறந்தா மார்க் போயிடும், முதலிடம் போயிடும், உங்க அண்ணன் பேரும் போயிடும். யோசிங்க. பேழையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க, நாளைக்குக் காலையில இங்க இறுதிப் பார்வை இருக்கு. பேழை மேல ஒரு விரல் தடம் தெரிஞ்சாலும் தகுதி ரத்து. மஞ்சத் துணி வச்சிருக்கீங்கல்ல?"

எமில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

க்ளீவ்லாந்திலிருந்து சாண்டஸ்கிவரை அவர் வண்டியை ஓட்டினாரா, வண்டி அவரை ஓட்டியதா என்று அவருக்கே தெரியாது. அண்ணே, ஒரு நல்ல சேதி என்று ஆரம்பித்துப் பார்த்தார். அண்ணே, ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்துப் பார்த்தார். இரண்டும் வாயில் நிற்கவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாமா? பெயர் முதலிடத்தில் இருக்கிறது, அண்ணன் கேட்டால் கார்டு கழகத்தில் பத்திரமாக இருக்கிறது என்றால் போகிறது. எப்படியும் இன்னும் எத்தனை வருஷம்? அப்படி நினைத்த அடுத்த கணம் தன் தலையில் தானே அடித்துக்கொண்டார்.

ரூடி வீட்டுப் பின்முற்றத்தில் அடுப்பைப் பற்றவைத்துத் தொத்திறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார். வெயில் இன்னும் இருந்தது. கை முழுக்கக் கடுகுச் சாந்து.

"வந்துட்டியா? எங்கடா என் கார்டு?"

எமில் எல்லாவற்றையும் சொன்னார். முதலிடம், கைதட்டல், பத்து, டை. சொல்லி முடித்துப் பேழையை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுருண்ணே. உன் பேரை மேல ஏத்தணும்னுதான் போனேன். உன்னையே தொலைச்சுட்டு வந்துட்டேன்."

ரூடி திருப்ப வேண்டாத ஒரு தொத்திறைச்சியைத் திருப்பினார். அதை மறுபடியும் திருப்பினார்.

"அதுல எனக்கு இருபது வயசுடா," என்றார் கடைசியில். "அந்தப் பயலைத் தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பேன். பர்ஸைத் திறக்கிற சாக்குல."

"தெரியும்ணே."

"உனக்கு எங்க தெரியும்? ஒளிச்சுல்ல பார்ப்பேன்." ரூடி மூக்கை உறிஞ்சினார். "சரி, அந்த டப்பாவை இங்க குடு."

"ஓரத்துல புடிண்ணே! தடம் பட்டா நாளைக்குக் காலையில எல்லாம்..."

ரூடி கடுகுக் கையோடு பேழையை நடுவில் பிடித்துத் தூக்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு அதை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அதன் வழியாகத் தம்பியைப் பார்த்துப் பொய்ப்பல் தெரியச் சிரித்தார்.

"எப்படிடா இருக்கேன்? பேரு மேல இருக்கில்ல?"

எமில் நிமிர்ந்து பார்த்தார். பேர் இருந்தது. அதற்குக் கீழே, பிளாஸ்டிக்குக்குள், கார்டில் இருந்த அதே சிரிப்பு சுருங்கிப்போய் இருந்தது. ஆனால் பழக்கம் யாரை விட்டது? வாய் தானாகவே பேசியது: "நடுவுல இல்லண்ணே. இடது காது வெளிய போயிருக்கு. நெத்தியில மடிப்பு. ஓரத்துல கடுகுக் கறை."

"அப்ப எத்தனை மார்க்கு போடுவ?"

"ரெண்டு போடலாம்ணே."

"பத்துக்கு ரெண்டா?" ரூடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அட மடையா, கார்டுக்குப் பின்னாடியும் அதாண்டா போட்டிருந்தான்!"

எமிலுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கவே அழுகையும் வந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார். மேசை மேல் பேழை கிடந்தது, அண்ணனின் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்து. எமில் துணியால் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூக்கையும் சிந்தினார்.

"ஏய், அதை இங்க குடு," என்று ரூடி துணியைப் பிடுங்கித் தன் கையில் இருந்த கடுகை வழித்துத் துடைத்து, அடுப்புக்குள் எறிந்தார். "உக்காருடா. ஆறிப் போறதுக்குள்ள சாப்பிடு."

எமில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து முதல் முறையாக, எழுந்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.